எதுல வச்சே?

கத்திக்காரரிடம் போய் ஒரு கத்தி வேண்டும் என்று கேட்டு, அன்றைக்கே வாங்கிக்கொண்டு வந்தவர் யாரும் கிடையாது. முதலில் விசாரணை நடக்கும். என்ன வெட்டப் போகிறாய், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெட்டுவாய், பலகையில் வைத்து வெட்டுவாயா கல்லில் வைத்து வெட்டுவாயா, வலது கையா இடது கையா, வெட்டி முடித்ததும் கழுவித் துடைப்பாயா இல்லை அப்படியே போட்டுவிடுவாயா. கடைசிக் கேள்விக்கு எல்லோரும் பொய்தான் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பதிலைக் காதில் வாங்காமல் முகத்தை மட்டும் பார்த்துக்கொள்வார். பிறகு கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையின் அகலத்தை ஒரு குச்சியால் அளந்து, பட்டறைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவார். எட்டு நாள் கழித்து வா என்பார்.

அந்த எட்டு நாளில் பாதி, எஃகைத் தேர்ந்தெடுப்பதில் போய்விடும். புது எஃகு அவர் வாங்கியதே இல்லை. இருபது வயதில் ஒரு லாரிப் பட்டறையில், ஒடிந்த ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி மாட்டும் வேலையில் சேர்ந்தவர். லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோதே எந்தப் பட்டை பத்து வருஷம் பாரம் சுமந்தும் அசராமல் இருக்கிறது, எது ஆறே மாதத்தில் வெடித்துப் போகிறது என்று பார்த்துப் பழகிவிட்டார். பழைய இரும்புக் கடைக்குப் போனால் நேராகக் குவியலுக்குள் இறங்கிவிடுவார். ஒரு துண்டை எடுத்துச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்பார். சாணைச் சக்கரத்தில் தொட்டுப் பொறி எப்படிப் பறக்கிறது என்று பார்ப்பார். எலும்பு உடைக்கிறவர்களுக்கு லாரிப் பட்டை. மீன் வெட்டுகிறவர்களுக்கு மரம் அறுக்கும் வாளின் தகடு, அது வளைந்து கொடுக்கும். செருப்புத் தைக்கிறவருக்குத் தேய்ந்துபோன அரம். எலும்பிலிருந்து சதையைக் கழிக்கிற மெல்லிய கத்திக்குப் பெரிய வண்டிகளின் பேரிங் வளையம். பளபளவென்று துருப்பிடிக்காத கத்தியாக வேண்டும் என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு, அவர்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

"எவர்சில்வர்ல சாப்பிடு. கத்தி எங்கிட்ட கேக்காதே."

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு குணக்கேடும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பல் விழுந்த கத்தியோடு யார் வந்து நின்றாலும், வா என்று சொல்வதற்கு முன்னால் அவர் வாயிலிருந்து வருவது ஒரே கேள்விதான். "எதுல வச்சே?" கத்தி கெட்டுப்போனது என்றால் வைத்தவன் கெடுத்துவிட்டான். செய்தவன் கெடுத்திருப்பான் என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. அவர் அதட்டுகிற அதட்டலில் பாதிப் பேர் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டு போவார்கள். "ஆமாண்ணே, பீங்கான் தட்டுல வச்சு நறுக்கிட்டேன்." சந்தையில் அவருக்கு வைத்த பெயரே எதுலவச்சே. "எதுலவச்சே கிட்ட போயிட்டு வரேன்" என்று ஒருவர் சொன்னால், கையில் மழுங்கிய கத்தி இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெயர் அவர் காதிலும் விழுந்திருந்தது. கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசி ஒன்றரை வருஷத்தில் அந்தப் பெருமை தலைக்கே ஏறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? அவர் செய்த கத்திகள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கூர் நின்றன. வாரம் தவறாமல் சாணைக்கு வருகிற மீன்காரம்மா மாதம் ஒரு முறைதான் வந்தார்.

"என்னண்ணே, மந்திரம் கிந்திரம் போட்டீங்களா? இது மழுங்கவே மாட்டேங்குது."

"நாப்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் வேலை கத்துக்கிட்டேன்" என்று கத்திக்காரர் சிரித்தார். அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கத்தியின் உயிர் தோய்ச்சலில் இருக்கிறது. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் எஃகு இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரியே உடையும். அதனால் ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடியும் இளஞ்சூட்டில் காட்ட வேண்டும். வெள்ளைத் தகட்டில் மெல்ல நிறம் ஏறும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். நிறம் ஏற ஏற இறுக்கம் தளரும். எந்தக் கத்தியை எந்த நிறத்தில் நிறுத்தித் தண்ணீரில் போடுவது என்பதைத்தான் பதம் என்கிறார்கள். கத்திக்காரரின் பட்டறையில் அதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது. அவர் கண் ஒன்றுதான்.

அவரிடம் கத்தி வாங்குகிறவர்களில் கறிக்கடைக்காரர் இருபது வருஷப் பழக்கம். சந்தையின் கோடியில் கடை. அவர் வெட்டுவார். அவர் மனைவி பக்கத்தில் நின்று எடை போடுவார், பொட்டலம் கட்டுவார், வருகிறவர்களை வம்புக்கிழுப்பார். "ஏங்க, நேத்து வாங்குன கறி வேகலேன்னு சொன்னீங்களாமே, அடுப்பைப் பத்த வச்சீங்களா?" என்று கேட்டு ஆளைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் தராசையே தொடுவார். கூட்டம் வந்ததில் பாதி அந்தப் பேச்சுக்காக. கறிக்கடைக்காரர் வாயே திறக்க மாட்டார். சதை கழிக்கிற கத்தி தேய்ந்து ஊசியாகிவிட்டது, புதிது வேண்டும் என்று அவர் வந்து நின்றபோது, கத்திக்காரர் நல்ல பேரிங் வளையமாகப் பார்த்து எடுத்துச் செய்தார். கொடுக்கும்போது வழக்கம்போல ஒரு பாட்டம் பாடினார்.

"இது சதைக்கு மட்டுந்தான். மூட்டுல விட்டுத் திருப்புறது, எலும்பை நெம்புறது, அந்தச் சோலியே கூடாது. கேட்டுக்கோ."

"சரிண்ணே."

மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியான நேரம், கறிக்கடைக்காரர் அந்தக் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கத்திக்காரர் தாளைப் பிரித்தார். நுனிக்குச் சற்றுக் கீழே, விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டைக் காணோம். வந்தவரின் முகத்தை அவர் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எதுல வச்சே?"

"மூட்டுலண்ணே. கூட்டமா இருந்துச்சு. கத்தி மாத்தாம அப்படியே விட்டுத் திருப்பிட்டேன்."

"சொன்னேனா இல்லையா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அப்புறம் கத்தி என்ன பண்ணும்?"

"துண்டு தெறிச்சு அவ கண்ணுல போயிடுச்சுண்ணே" என்றார் கறிக்கடைக்காரர். "வலது கண்ணை எடுத்துட்டாங்க. நாலு நாளாச்சு."

கத்திக்காரர் எழுந்தார். உட்காரு என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். கறிக்கடைக்காரர் உட்காரவில்லை. கத்தியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். சாயந்திரம் கத்திக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார். பாதி முகத்தை மூடிய கட்டோடு அந்த அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். வந்தவரை அடையாளம் கண்டதும் அவர் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "அவரைத் திட்டாதீங்கண்ணே. ஏற்கெனவே பாதி செத்துட்டாரு." ஏற்கெனவே திட்டியாகிவிட்டது என்பதைக் கத்திக்காரர் சொல்லவில்லை.

இதெல்லாம் நடந்த பத்தாவது நாள் கத்திக்காரருக்கே கண்ணில் ஆபரேஷன். இரண்டு கண்ணிலும் புரை. வாசல் படி தடுக்கி இரண்டு தடவை விழுந்த பிறகு அவர் மனைவி இழுக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனார். முதலில் இடது கண். அடுத்த நாள் கட்டை அவிழ்த்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"புதுசா?" என்றார் கத்திக்காரர்.

"எது?"

"இந்தச் சட்டை. இவ்வளவு வெள்ளையா இருக்கு."

"நல்லாக் கேட்டீங்க போங்க. ரெண்டு வருஷமா, மஞ்சளா இருக்கு, துவைக்கத் தெரியலேன்னு எம்மூஞ்சியில வீசுனீங்களே, அதே சட்டைதான். எனக்குச் சோப்பு போட்டே கை தேஞ்சு போச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சட்டை மஞ்சளாக, டீ சிந்திக் காய்ந்த துணி மாதிரி இருந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வெள்ளை. சுவரும் அப்படித்தான், மனைவியின் நரைத்த தலையும் அப்படித்தான். சின்னப் பிள்ளை மாதிரி மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டிருந்தவர், திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். சட்டைக்குப் பொத்தான்கூடப் போடாமல் பட்டறைக்கு நடந்தார்.

தேய்த்து வைத்திருந்த தகடு ஒன்று மேஜையில் கிடந்தது. இன்னும் சூடே காட்டாத தகடு. புதுக் கண்ணுக்கு அது வெள்ளையாக இருந்தது. பழைய கண்ணுக்கு அதில் வைக்கோல் நிறம் ஏறியிருந்தது. கத்திக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஏறாத நிறத்தை ஏறிவிட்டதாகப் பார்த்து, வைக்கோலைப் பழுப்பு என்று நம்பி, இறுக்கம் தளருவதற்கு முன்பே ஒவ்வொரு கத்தியையும் தண்ணீரில் போட்டிருக்கிறார். ஊரெல்லாம் மெச்சிய கூர் அதிலிருந்து வந்தது. கறிக்கடைக்காரர் விட்டுப்போன கத்தியை எடுத்து அதன்மேல் அரத்தை வைத்து இழுத்தார். பதமான கத்தியை அரம் லேசாகவாவது கடிக்கும். இது கிறீச்சென்று வழுக்கிக்கொண்டு போனது. ஒழுங்கான பதத்தில் இருந்திருந்தால் மூட்டில் விட்டுத் திருப்பியதற்கு விளிம்பு மடங்கியிருக்கும், மிஞ்சிப் போனால் சின்னப் பல் விழுந்திருக்கும். நகம் அளவுத் துண்டு பறந்திருக்காது. அதை அவர் எத்தனையோ கத்திகளில் பார்த்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து அவர் செய்த காரியத்தைக் குறை சொல்ல முடியாது. சுவரில் இருந்த சாக்பீஸ் கோடுகளையும் தேதிகளையும் பார்த்து, ஒன்றரை வருஷத்தில் கொடுத்த கத்திகளைக் கணக்கெடுத்தார். முப்பத்தொன்று. ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். "கொடு, சும்மா ஒரு சாணை பிடிச்சுத் தரேன், எனக்குப் பொழுது போகல" என்று சொல்லி வாங்கி வந்து, புதுக் கண்ணால் நிறம் பார்த்து மறுபடி பதம் போட்டுக் கொடுத்தார். ஏன் எதற்கு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில், உடைந்த அந்த ஒன்று போக, மீதி முப்பதும் முடிந்தது. பிறகு புகார்கள் ஆரம்பித்தன.

"முன்ன மாதிரி இல்லண்ணே. நாலு நாள்ல மழுங்குது" என்றார் மீன்காரம்மா. "கையை விட்டுப் போயிடுச்சா உங்க மந்திரம்?"

கத்திக்காரர் கேள்வி எதுவும் கேட்காமல் கத்தியை வாங்கிச் சாணை பிடித்துக் கொடுத்தார். மீன்காரம்மா அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இனி யாருக்கும் ஆபத்தில்லை. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, கறிக்கடைக்காரரிடம் போய் உண்மையைச் சொல்வது. அதற்குத்தான் கால் எழவில்லை. மனைவியிடம் மட்டும் ஒரு நாள் சொன்னார். அவர் "சொன்னா போன கண்ணு வந்துடவா போகுது?" என்று கேட்டார். கேட்டவருக்கே அது சரியாகப் படவில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனால் கத்திக்காரர் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வயது அறுபத்துமூன்று. இனிமேல் வேறு வேலைக்குப் போக முடியாது. கண் தெரியாமல் கத்தி செய்தான் என்ற பேச்சு சந்தைக்குள் நுழைந்தால் அப்புறம் பட்டறைப் படியை எவன் மிதிப்பான்? வலது கண்ணையும் முடித்துக்கொண்டு சொல்லலாம், அந்த அம்மாவின் புண் ஆறட்டும், கறிக்கடைக்காரர் தானாகவே தேறிவிடுவார். ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு கிடைத்தது.

கறிக்கடைக்காரர் தேறவில்லை. ஒரு நாள் கத்திக்காரர் கடைப்பக்கம் போய்ப் பார்த்தார். வெட்டுமரத்துக்குப் பின்னால் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். ஒற்றைக் கண்ணுக்குக் கத்தி எவ்வளவு தூரத்தில் இறங்குகிறது என்பது பிடிபடவில்லை. இடது கையில் மூன்று விரல்களில் துணி சுற்றியிருந்தது. எடை போடும்போது யாரையும் வம்புக்கிழுக்கவில்லை. கூட்டமும் இல்லை. கணவர் பின்னால் வீட்டுக்குள் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"கத்தியைத் தொட மாட்டேங்கிறாருண்ணே" என்றார் அந்த அம்மா. "சாப்பாட்டையும் ஒழுங்காத் தொட மாட்டேங்கிறாரு. எங்கண்ணைத் தானே குத்திட்டதா நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நீங்க சொன்னா கேப்பாரு, ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

கத்திக்காரர் உள்ளே போய் நின்றார். வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினார். "மனசை விட்டுடாதேப்பா" என்று சொல்லிவிட்டு, அங்கிருந்த கத்திகளையெல்லாம் சாணை பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். வெட்கக்கேடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டதோடு சரி.

அதற்கு அடுத்த வாரம் கறிக்கடைக்காரர் ஒரு சாக்குப்பையோடு பட்டறைக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பைக்குள் சின்னதும் பெரியதுமாக ஒன்பது கத்திகள், எல்லாம் கத்திக்காரர் செய்தவை.

"யாருக்காவது கொடுத்துடுங்கண்ணே. கடையை மூடச் சொல்லிட்டேன். அவ விரலாவது மிஞ்சட்டும்."

"என்னப்பா பேச்சு இது? தெரியாம நடந்ததுதானே?"

"தெரியாம இல்லண்ணே. நீங்க அவ்வளவு சொன்னீங்க. எதுல வச்சேன்னு அன்னைக்குக் கேட்டீங்கள்ல, அந்தக் கேள்வி தினமும் காலையில கண்ணு முழிச்சதும் காதுல கேக்குது. பதிலும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். விட மாட்டேங்குது."

பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். கத்திக்காரர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மூன்று மணி வாக்கில் எழுந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். கறிக்கடைக்காரரின் கத்தியைச் செய்த அதே பேரிங் வளையத்தில், அதே நாளில், அதே நெருப்பில் செய்தது. சொல்லிவைத்தவர் வாங்க வராமல் கிடந்ததால் மறுபதம் போடாமல் தப்பியிருந்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார்.

கறிக்கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரே அறை, ஒரு ஜன்னல், ஒரு இரும்புக் கட்டில். அந்த அம்மா அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். கறிக்கடைக்காரர் கட்டிலில். கத்திக்காரர் நின்றபடியே சொன்னார். மஞ்சள் சட்டையிலிருந்து அரம் வழுக்கியது வரைக்கும் எதையும் விடாமல் சொன்னார்.

"நீ மூட்டுல வச்சதால அது தெறிக்கலப்பா. நான் பதம் தப்பிச் செஞ்சதால தெறிச்சுது. தப்பு எம்மேல."

கறிக்கடைக்காரர் அவரைப் பரிவாகப் பார்த்தார். "நீங்க நல்லவருண்ணே. என்னைத் தேத்தணும்னு பொய்யெல்லாம் சொல்ல வேண்டாம். இருபது வருஷத்துல, எங்கத்தி தப்புன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லி யாரு கேட்டிருக்கா?"

கத்திக்காரர் துணியைப் பிரித்தார். கத்தியின் முன்பாதியைக் கட்டில் சட்டத்தின் இடுக்கில் செருகி, துணியை மேலே மூடி, பிடியைப் பக்கவாட்டில் அழுத்தினார். பெரிதாக அழுத்தவில்லை. பட்டென்று இரண்டாக ஒடிந்தது.

"கொஞ்சம்கூட வளையல, பாத்தியா? உன் கத்தியோட கூடப் பொறந்தது இது."

கறிக்கடைக்காரர் இரண்டு துண்டுகளையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். வாழ்நாளெல்லாம் கத்தி பிடித்தவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. துண்டுகளைக் கட்டிலில் வைத்துவிட்டு, கத்திக்காரரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அத்தனை வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"நான் இல்ல. அய்யோ, நான் இல்லையாண்ணே... உயிரைக் கொடுத்துட்டீங்கண்ணே..."

கத்திக்காரருக்கும் கண் கலங்கியது. இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது.

அந்த அம்மா அடுப்பருகிலிருந்து எழுந்து வந்தார். இருக்கிற கண்ணால் அவரைப் பார்ப்பதற்காகத் தலையை முழுதாகத் திருப்பினார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்ணே?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். இன்று காலை என்றுகூடச் சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார்கள்.

"கண்ணுக்கட்டை அவுத்துவிட்ட அன்னைக்கே தெரியும்மா."

"அது எத்தனை நாளாச்சு?"

"முப்பத்தெட்டு நாள்."

"முப்பத்தெட்டு நாள்" என்று அந்த அம்மா திருப்பிச் சொன்னார். குரலில் சண்டை எதுவும் இல்லை. "போன வாரம் வந்தீங்களே. இவரு இதே கட்டில்ல சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. பக்கத்துல வந்து நின்னு பாத்துட்டுத்தானே போனீங்க?"

கறிக்கடைக்காரர் இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தார், ஆனால் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்.